என்ன கேட்கட்டும்?

சிஸ்டர் அழைப்புமணியை ஒரே ஒரு தடவைதான் அடிப்பார். உள்ளே குக்கர் கத்திக்கொண்டிருக்கலாம், மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கலாம், நம் காதில் விழாமலே போயிருக்கலாம். அதற்காக இன்னொரு முறை அடித்துவிட மாட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். கதவு திறக்கவில்லை என்றால் எதிரே இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். இதனால் அவர் சுடச்சுடக் கொண்டுவந்த எத்தனையோ ஆப்பங்களை நான் ஆறிப்போன பிறகு தின்றிருக்கிறேன். இன்னொரு தடவை அடித்தால் விரலா தேய்ந்துவிடும் என்று ஒருநாள் சண்டைக்கே போனேன். "உள்ள இருக்கவியளுக்குத் தொறக்க இஷ்டம் இல்லாமலும் இருக்கலாம்லா," என்றார். மணி அடிப்பதற்கே இத்தனை யோசனை என்றால் மற்றதற்கெல்லாம் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. வாசலில் பலகைகூட மாட்டியிருந்தார். ஆனால் ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு சிஸ்டர், பஞ்சாபிக்காரர்களுக்கு சிஸ்டர்ஜி, காய்கறி வண்டிக்காரருக்கு மதராஸி சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் நர்ஸ் வேலைக்கு டெல்லி வந்து, ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் கடைசிவரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். இத்தனை காலம் டெல்லியில் இருந்தும் ஹிந்தி மட்டும் அவருக்கு வசப்படவில்லை. எங்கே வலிக்கிறது, மருந்து சாப்பிட்டீர்களா, பயப்படாதீர்கள் என்கிற ஆஸ்பத்திரி ஹிந்தியை வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிட்டார். அதிலும் ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

தப்பே இல்லாமல் அவர் சொல்லும் ஹிந்தி வாக்கியம் ஒன்று உண்டு. "ஆப் கே லியே க்யா மாங்கூ?" உங்களுக்காக என்ன கேட்கட்டும்? யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை, வேலை போய்விட்டது, பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டான் என்று தெரிந்தால் சிஸ்டர் போய் வாசலில் நிற்பார். ஜெபம் பண்ணட்டுமா என்று முதலில் கேட்பார். சரி என்றால் அடுத்து இந்தக் கேள்வி. நாம் என்ன சொல்கிறோமோ அதை மட்டும், நாம் சொன்ன வார்த்தையிலேயே கேட்பார். நாலு வரி, ஆமென், முடிந்தது. நம் ஆத்துமாவுக்காகத் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக் கேட்கிற வேலையெல்லாம் கிடையாது.

எனக்கு முதன்முதலில் அந்தக் கேள்வி வந்தது, பேங்க்கில் என்னை ரோத்தக் கிளைக்குத் தூக்கியடித்தபோது. மகள் அப்போது பத்தாம் வகுப்பு. நான் புலம்பாத ஆள் பாக்கியில்லை. சிஸ்டர் வந்து ஜெபிக்கட்டுமா என்றார். எங்கள் வீட்டில் பூஜையறை உண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கும் உண்டு. ஆனாலும் நல்ல மனசோடு கேட்கிறவரை எப்படி வேண்டாம் என்பது? சரி என்றேன். என்ன கேட்கட்டும் என்றார். மாற்றல் ரத்தாக வேண்டும் என்றேன். அவர் உடனே ஆரம்பிக்கவில்லை.

"மாத்தல் ரத்தாவணுமா, இல்ல பிள்ள படிப்பு கெடாம இருக்கணுமா? ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. இலவசமாகக் கிடைக்கிற ஜெபத்துக்குக்கூட விண்ணப்பத்தைச் சரியாகப் பூர்த்தி செய்ய வேண்டுமா? கவுன்ட்டரில் உட்கார்ந்து நானும் ஊரை இப்படித்தான் படுத்தினேன் என்பது வேறு விஷயம். ரத்துதான் வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். அவரும் அப்படியே கேட்டார்.

மாற்றல் ரத்தாகவில்லை. போய்ச் சொன்னபோது சிஸ்டர் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று ஆரம்பிப்பார், அப்போது ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் தயாராகத்தான் போயிருந்தேன். "கேட்டம், கெடைக்கல," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ்ஸுல உக்கார எடமாவது கேப்பமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேளுங்கள் என்றேன். தினமும் உட்கார இடம் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி நாள் நின்றுகொண்டேதான் ரோத்தக் போனேன். ஆனால் நின்றுகொண்டு போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயம், சிஸ்டர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஜெபிப்பார். நான் பார்த்த கிறிஸ்தவர்கள் எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர்கள். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன கதையை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஒரு சர்தார்ஜி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரிலிருந்து வந்த ஆர்வத்தில் இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கண்ணை மூடி, கையைக் கூப்பி, உருகி உருகி ஜெபித்திருக்கிறார். சர்தார்ஜி கண் விழித்துப் பார்த்திருக்கிறார். வெள்ளை உடை, கூப்பிய கை, அசையும் உதடு. டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள், கடைசிச் சடங்கு நடக்கிறது என்றே நினைத்துவிட்டார். அவர் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டதாம். ரத்த அழுத்தம் எகிறி, ஆபரேஷனையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று. மேட்ரன் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"நல்லதுதான் செஞ்சேன். ஆனா அந்த மனுசன் உசுரு போற மாதிரி பயந்துட்டாரு," என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் மாறும். அன்றிலிருந்து கேட்காமல் ஜெபிப்பதில்லை, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலும் ஜெபிப்பதில்லை.

வேண்டாம் என்றால்? அப்படியே விட்டுவிடுவார். அதைத்தான் என் கணவரால் நம்ப முடியவில்லை. அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். வாசலில் சரி என்றுவிட்டு வீட்டுக்குப் போய் ரகசியமாக ஜெபிப்பார்கள், யாருக்குத் தெரியும் என்பார். ஒருநாள் நேரிலேயே கேட்டும்விட்டார். சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. வேண்டாம் என்றவர்கள் பேரை வீட்டுக்குள் போய்ச் சொல்வது, கதவைச் சாத்தின வீட்டில் ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிற மாதிரி என்றார். கணவர் அவருக்கு 'பர்மிஷன் சிஸ்டர்' என்று பட்டப்பெயர் வைத்தார். அது சிஸ்டருக்கும் தெரியும்.

இதற்காக அவர் விசுவாசத்தில் விட்டுக்கொடுக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இயேசுவைப் பற்றி நீங்களாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அன்று உங்கள் வீட்டில் சமையல் நடக்காது. சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார். அதையும் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். நவராத்திரியில் படைப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் சுண்டலை அவருக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு அவர் எனக்கென்று தனியாக முட்டை போடாத கேக் செய்வார். அந்தக் கேக்கை வைத்துச் சுவர் கட்டலாம். வருஷா வருஷம் இரண்டு பேரும் விடாமல் செய்தோம்.

கொரோனா இரண்டாம் அலை வந்த அந்த ஏப்ரலை டெல்லியில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் நின்றால்தான் வித்தியாசமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கப் பயந்த நேரத்தில் சிஸ்டர் இரண்டு மாஸ்க், முகத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு, மழைக்கோட்டு சகிதம் இறங்கிவிட்டார். மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் அழுதாள், திட்டினாள். இவர் கேட்கவில்லை. சாயங்காலம் சந்தில் நடந்துகொண்டே பால்கனிகளை அண்ணாந்து பார்த்து, "க்யா மாங்கூ?" என்பார். மேலேயிருந்து பதில் வரும். ஆக்ஸிஜன். படுக்கை. அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கணும். கனடாவிலிருந்து மகன் வர வழி கிடைக்கணும். அங்கேயே நின்று அண்ணாந்தபடி தமிழில் கேட்பார். "ஆண்டவரே, இந்த வீட்டு அண்ணாச்சிக்கு ஆக்ஸிஜன் வேணும். அவிய கேட்டது இதுதான். குடுங்க. ஆமென்." ஹிந்தியில் கேட்டால் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயம்.

ஆமென் சொன்ன கையோடு, "கேட்டாச்சு, இனி நம்ம பங்கைப் பாப்பம்," என்று போனை எடுப்பார். கூட வேலை பார்த்த நர்ஸுகள் எந்தெந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்களோ எல்லாருக்கும் போன் போகும். எங்கள் சந்தில் சிலருக்கு அப்படித்தான் படுக்கை கிடைத்தது. சிலருக்குக் கிடைக்கவில்லை.

கிடைக்காத வீடுகளில் ஒன்று எங்கள் கீழ்வீடு. அங்கே இருந்தவர் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பஞ்சாபி அம்மாள். பிளாக்கில் எல்லாருக்கும் ஆன்ட்டி. கண்டிப்பானவர், சிஸ்டரோடு அளவாகத்தான் பேச்சு வைத்திருந்தார். அவர் கணவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது சிஸ்டர் போய் ஒரு தடவை மணியடித்தார். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டர் கேட்டார். ஆன்ட்டி, எங்களுக்கு எங்கள் பகவான் இருக்கிறார், உங்கள் ஜெபம் இந்த வாசலுக்கு உள்ளே வரவேண்டாம் என்று வெடுக்கென்று சொன்னார். "அச்சா ஜி," என்றார் சிஸ்டர். அடுத்த நொடியே, ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி வீட்டில் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மனிதரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகைத் தட்டிக்கொடுத்து, வாயில் தண்ணீர் விட்டு, நாள் முழுக்க அங்கேயேதான் கிடந்தார் சிஸ்டர். போன் மேல் போன் போட்டார். படுக்கை கிடைத்ததாக மறுநாள் மத்தியானம் தகவல் வந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அந்த மனிதரின் உயிர் போய்விட்டது.

மேலே வந்த சிஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தள்ளி நின்று, மனசுக்குள்ளேயாவது அவருக்காகக் கேட்டீர்களா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "அவிய வேண்டாம்னுட்டாவல்லா. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சும்மா. முழுங்கிட்டேன்." மழைக்கோட்டுக்குள்ளே தோள் குலுங்கியது. அன்றுதான் எனக்குப் புரிந்தது, கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம் என்று.

இனி, இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கொரோனாவெல்லாம் ஓய்ந்து பிளாக் பழையபடி கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட ஆரம்பித்திருந்தது. பக்கத்து பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் இளைஞர், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தபோது யாரோ மதராஸி நர்ஸ் வீட்டுக்கு வந்து புரியாத பாஷையில் மந்திரம் ஓதியிருக்கிறார் என்று குடியிருப்போர் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். அவர் ஆபீஸில் இருந்தபோது நடந்தது. அந்த அம்மாள் சரி என்று சொல்லித்தான் சிஸ்டர் ஜெபித்திருக்கிறார். மகனின் வேகத்தைப் பார்த்து அம்மாள் வாயை மூடிக்கொண்டுவிட்டார். மதம் மாற்றுகிறார்கள், வெள்ளிக்கிழமை வீட்டில் கூட்டம் போடுகிறார்கள் என்று ஆளுக்கொன்றாகச் சேர்ந்துகொண்டது. கூட்டம் என்பது டியூட்டி முடிந்த நாலைந்து நர்ஸுகள் வந்து பாட்டுப் பாடி, ஜெபித்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போவது. மீன் வாசனை பிடிக்காத நானே அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

நொய்டாவில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் சிஸ்டருக்குப் போன் செய்தார். சொசைட்டியோடு எனக்குத் தகராறு வேண்டாம், அவர்கள் ஆட்சேபித்தால் வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று முடித்துக்கொண்டார். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிஸ்டர் ஜனக்புரியில் இருப்பாரா போவாரா என்பது முடிவாக வேண்டும். ஹிந்தியில் அவர் என்னத்தைச் சொல்லிச் சமாளிப்பார்? நான் மொழிபெயர்க்க வருகிறேன் என்றேன். கணவர் நமக்கெதற்கு வம்பு என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் அவரும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பார்க்கில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜனங்கள் நிலக்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொசைட்டித் தலைவரைப் பிரதான்ஜி என்று கூப்பிடுவோம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர். இளைஞர் எழுந்து தன் புகாரைச் சொன்னார். கடைசியில் சிஸ்டரைப் பார்த்து நேராக ஒரு கேள்வி போட்டார். நாங்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களாக வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களா, இல்லையா?

கேள்வியைத் தமிழில் சொன்னேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"ஆசை இருக்கு," என்றார் சிஸ்டர். "அத ஏன் மறைக்கணும்? நல்ல டாக்டர் ஒருத்தரத் தெரிஞ்சா நாலு பேருக்குச் சொல்ல மாட்டமா? கேட்டா சொல்லுவேன். வேண்டாம்னா விட்டுருவேன்."

அப்படியே ஹிந்தியில் சொன்னேன். நாற்காலிகள் கிரீச்சிட்டன. பார்த்தீர்களா என்று இளைஞர் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். பிரதான்ஜி கையமர்த்திவிட்டு ஒரு சமரசம் சொன்னார். உண்மையில் நியாயமான சமரசம். சிஸ்டர்ஜி நல்லவர், கொரோனா சமயத்தில் செய்ததை யாரும் மறக்கவில்லை. அவர் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து மனசுக்குள் யாருக்காக வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும், யார் தடுக்கப் போகிறார்கள்? யார் வாசலிலும் போய்க் கேட்காமல் இருந்தால் போதும். சம்மதம் என்றால் விஷயம் இத்தோடு முடிந்தது, வீட்டுக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். இளைஞர்கூட வேண்டா வெறுப்பாக ஆட்டினார்.

எனக்கு உயிர் வந்தது. தமிழில் சொன்னேன். சிஸ்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"கேக்காம ஜெபிக்கச் சொல்லுதாவளா?"

ஆமாம் சிஸ்டர், மனசுக்குள்ளே, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"அவியளுக்குத் தெரியாதுல்லா. அதுதான தப்பு. முடியாதுன்னு சொல்லுங்க."

வேறு யாராவது இந்த வாய்ப்பை விடுவார்களா? மதம் மாற்றுகிறார் என்று குற்றம் சாட்டி நிறுத்திவைத்த பெண்மணி, யாருக்கும் தெரியாமல் ஜெபிக்க அனுமதி கொடுத்தால் வேண்டாம் என்கிறார். சம்மதம் என்கிறார் என்று நான் ஹிந்தியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் கடலைத் தோலை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், எதிர்வீட்டு விளக்கு எதிர்வீட்டிலேயே எரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவரைக் கேட்காமல் அவருக்கு நல்லது செய்வதை அவரே ஒத்துக்கொள்ள மாட்டாரே. உள்ளதை உள்ளபடி சொன்னேன். முடியாது என்கிறார். கேட்காமல் ஜெபித்தால் உங்களை ஏமாற்றினதாகும் என்கிறார்.

பிரதான்ஜி தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து கீழ்வீட்டு ஆன்ட்டி எழுந்தார். கணவர் போனபின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார்.

என்னிடம் இவர் கேட்டார், நான் வேண்டாம் என்றேன், கடுமையாகத்தான் சொன்னேன் என்றார். "அதுக்கப்புறம் என் வீட்டுக்காரர் பக்கத்துல நாள் முழுக்க இவங்க உட்கார்ந்திருந்தாங்க. நான் நம்பல. மாஸ்க் போட்ட இவங்க வாயையே பார்த்துட்டிருந்தேன். போலீஸ்காரன் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். மாஸ்க் மேல கூட அசைவு தெரியுதான்னு பார்த்தேன். ஒரு தடவைகூட அசையல. கையைக் கூப்பல, கண்ணை மூடல. வேண்டாம்னு நான் சொன்ன சொல்லை என் வீட்டுக்குள்ள இவங்க அளவுக்கு யாரும் மதிச்சதில்ல." ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சொல்லிவிட்டு அந்த இளைஞரைப் பார்த்து, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு பேட்டா. போயிடுவாங்க. அவங்களைக் காலி பண்ண வைக்க வேண்டியதில்ல," என்றார்.

இளைஞர் உட்கார்ந்துவிட்டார். கேட்கட்டும், விருப்பமில்லாதவர்கள் மறுத்துவிடட்டும் என்று பிரதான்ஜி முடித்துவைத்தார். உடனே சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஆப் கே லியே க்யா மாங்கூ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரதான்ஜி பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "அச்சா ஜி," என்றார் சிஸ்டர். முழங்கால் வலிக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தானே போடுகிறீர்கள் என்று தன் ஆஸ்பத்திரி ஹிந்தியில் விசாரித்தார். மொத்தப் பார்க்கும் சிரித்தது, பிரதான்ஜி உட்பட. எத்தனையோ பெரிய மனிதர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றதைப் போல எங்கேயும் நான் நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை. எங்கள் சிஸ்டர் என்று எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் கத்த வேண்டும் போலிருந்தது.

திரும்பி வரும்போது ஆன்ட்டியும் எங்களோடு நடந்தார். தன் வீட்டு வாசலில் நின்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமலே இருந்தார். பிறகு சிஸ்டரிடம், இப்போது என்னைக் கேளுங்கள் என்றார். சிஸ்டர் கேட்டார், உங்களுக்காக என்ன கேட்கட்டும்?

ஆன்ட்டி ஹிந்தியில் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னதாலதான் அவர் போயிட்டாரான்னு உங்க சாமிகிட்டக் கேக்கச் சொல்றாங்க, சிஸ்டர்."

என்ன சொன்னாலும் கேட்கிறவர் சிஸ்டர். பஸ்ஸில் இடம் கேட்டவர். பால்கனியைப் பார்த்துக் கனடா விமானம் கேட்டவர். அவர் ஒன்றைக் கேட்க மாட்டேன் என்று சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

"இத நான் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க," என்றார். ஆன்ட்டியின் சாவி பிடித்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "இதுக்குப் பதில் எனக்கே தெரியும். இல்ல. ஒரு பொம்பள வேண்டாம்னு சொன்னதுக்கு அவ புருசன எடுத்துக்கிடுத சாமிய நான் கும்பிடல. நல்லா வெளங்குத மாதிரிச் சொல்லுங்கம்மா."

நல்லா விளங்குகிற மாதிரிதான் சொன்னேன். ஆன்ட்டி நின்றபடியே அழுதார். வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருந்த அழுகை, சத்தமாகவே வந்தது. சிஸ்டர் கையை விடவில்லை. அழுகை அடங்கியதும், "வேற என்ன கேக்கட்டும்?" என்றார். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்தில் தூக்கமே வருவதில்லை, அந்த நேரத்தில்தான் அவர் போனார் என்றார். சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் கேட்டார். "ஆண்டவரே, இவியளுக்கு மத்தியானம் கொஞ்சம் தூக்கம் வேணும். இவிய கேட்டது இதுதான். குடுங்க. ஆமென்."

நான் மேலே வந்து சமையலைக் கவனித்தேன். சாப்பிட்ட பிறகு தயிர் வாங்கக் கீழே இறங்கினால், ஆன்ட்டி வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் பைபிள் திறந்தபடி இருந்தது. தலைக்கு நேர் மேலே அழைப்புமணி இருந்தது. பார்சல் கொடுக்க வந்த ஆள் ஒருவர் மணியை நோக்கிக் கையை நீட்ட, சிஸ்டர் விரலை உதட்டில் வைத்து அவரைத் தடுத்துப் பார்சலைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார்.

என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் போங்க. தூங்குதாவ."

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து போனேன்.